இருவருக்கும் பொதுவானவர்: தையல் டீச்சர்

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மொட்டைமாடித் தொட்டி மூன்றாவது முறையாக ஒழுகுகிறது. பிளம்பர் "நாளைக்கு" என்கிறார். அவருடைய நாளைக்கு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

சுலோச்சனா மதுரையிலிருந்து வந்திருந்தாள். நாங்கள் சமூகப்பணியில் எம்.எஸ்.டபிள்யூ. முடித்து இருபத்தைந்து வருடம் ஆகிறதாம். கூடப் படித்தவர்கள் எல்லோரும் டிசம்பரில் சந்திக்க வேண்டுமாம். அதற்கு 'நம்மாளு' என்ற செயலியில் ஒரு குழு. நான் மட்டும்தான் அதில் இல்லை.

"நாப்பத்தொன்பது வயசுல என்னடி தலைமறைவு வாழ்க்கை?" என்று என் கைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள். நான் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். நடுவில் மூன்று நான்கு முறை கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டி, "இதுக்கு ஓகே குடு, இதுக்கும் குடு" என்றாள். கொடுத்தேன். கடுகு தீய்ந்துவிட்டது.

குழுவில் நாற்பது பேர் "வெல்கம் பிலோமினா" என்று எழுதியிருக்கிறார்கள். பாதிப் பேரை அடையாளம் தெரியவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

மாத்திரை நாள். இந்தச் செவ்வாய்க்கு உரிய முப்பத்தொரு பெண்கள் வர வேண்டும். முப்பத்தொரு பேரும் வந்தார்கள்.

புதிதாகச் சேர்ந்த நர்ஸுக்கு நம் மையத்து நடைமுறையைச் சொல்லிக்கொடுத்தேன். இங்கே வருகிறவர்களுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, ஒரு நாள்கூட விடாமல் மாத்திரை போட்டால் எல்லோரையும் போல வேலைக்குப் போவார்கள், பிள்ளை வளர்ப்பார்கள். அவர்களுடைய பயம் கிருமி இல்லை, பக்கத்து வீடு. ஆகவே ஆலோசகராகிய நான் தெருவில் யாரையும் முதலில் பார்த்துச் சிரிப்பதில்லை. என் நோட்டில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். என் கைபேசியிலும் 'தை 1', 'தை 2' என்று 'தை 214' வரை. அவர்கள் கைபேசியில் என் பெயர் 'தையல் டீச்சர்'. மருந்து வந்துவிட்டால் நான் கூப்பிட்டு, "பிளவுஸ் தைச்சாச்சு, வந்து வாங்கிக்குங்க" என்பேன். பக்கத்தில் மாமியார் இருந்தாலும் பயமில்லை.

"சூப்பர் மேடம், யார் யோசனை?" என்றாள்.

என் யோசனைதான். பதினோரு வருடத்தில் ஒரு பெயர்கூட வெளியே போனதில்லை. கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 9, செவ்வாய்

தொட்டி இன்னும் ஒழுகுகிறது. நம்மாளுவில் யாரோ ஒருவருடைய பேத்திக்குக் காதுகுத்து. நூற்றுப் பத்து வாழ்த்துகள்.

செப்டம்பர் 13, சனி

'தை 61' கூப்பிட்டாள். குரல் சரியில்லை.

"டீச்சர், மாத்திரை வாங்க வருவாங்களே, சிவப்புக் கண்ணாடி போட்ட ஒரு அக்கா. அவங்க போட்டோ என் போன்ல வருது. இவங்கள உனக்குத் தெரியுமான்னு கேக்குது. எனக்கு அவங்க பேருகூடத் தெரியாது டீச்சர். இப்பத்தான் தெரிஞ்சுச்சு, அதுலயே போட்டிருக்கு."

எங்காவது ஒரே பேருந்தில் வந்திருப்பீர்கள், அதனால் காட்டியிருக்கும் என்று சொல்லிவைத்தேன். இந்தக் கைபேசிக் கதைகளில் பாதி கற்பனை. ஒன்றை நினைத்தாலே அதன் விளம்பரம் வருகிறது என்று சத்தியம் செய்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்கும்போது ராஜாத்தி வரிசையில் நிற்காமல் நேராக என் அறைக்கு வந்தாள். எங்கள் மையத்தில் தையல் டீச்சர் வேஷம் தேவைப்படாத ஒரே ஆள் அவள்தான். கணவன் இறந்த மறு வருடமே மேடையேறி, "எனக்கு எச்.ஐ.வி. இருக்கு, அதுக்கு இப்ப என்ன?" என்று மைக்கில் கேட்டவள். மாவட்டத்தில் அவள் முகம் தெரியாத ஊர் கிடையாது.

"என்ன டீச்சர், மண்டபம் பிடிச்சு எல்லாரையும் கூப்பிட்டிருக்கீங்க, எனக்கு மட்டும் பத்திரிகை வரல?" என்று கைபேசியை மேசைமேல் வைத்தாள்.

நம்மாளு. 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்று மேலே எழுதியிருந்தது. கீழே முகங்கள். கோயில் வாசலில் ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி, கல்யாண மாலையோடு ஒருத்தி. முழுப் பெயர், ஊர்ப் பெயர். ஒவ்வொரு முகத்துக்கும் அடியில் ஒரே வரி: 'இருவருக்கும் பொதுவானவர்: தையல் டீச்சர்.'

விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். நாற்பத்தாறு வரை எண்ணினேன். அதற்கு மேல் விரல் நகரவில்லை. பதினோரு வருடமாக நான் காகிதத்தில்கூட எழுதாத பட்டியல். படத்தோடு.

"நடுவுல ஒரே ஒரு ஆம்பள இருக்காரு பாருங்க," என்றாள் ராஜாத்தி. "இவரும் ஜாக்கெட் தைக்கிறாரா?"

எங்கள் பிளம்பர்.

செப்டம்பர் 17, புதன்

காலையில் வேலைக்குப் போகும் முன் யோசித்தேன். 214 பேரில் நிறையப் பேர் நம்மாளுவில் இருக்கிறார்கள். அவர்கள் கைபேசியில் இருக்கிற பெயர்களையும் எண்களையும் அந்த நிறுவனம் எடுத்துக்கொண்டிருக்கிறது. அவற்றில் எனக்கு இருந்த பெயரைத்தான் காட்டுகிறது. ஒருத்தி என்னை 'ஜெயா அக்கா' என்றும் இன்னொருத்தி 'பால்காரம்மா' என்றும் பதிந்திருந்தால் படத்துக்குக் கீழே வெவ்வேறு பெயராவது இருந்திருக்கும். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. எல்லோருக்கும் ஒரே பெயரைக் கொடுத்தது நான். ஒளித்துவைக்கக் கொடுத்த பெயர்தான் எல்லோரையும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறது.

இது என் தவறு. ஒப்புக்கொள்கிறேன். இதற்கு மேல் என் பங்கு எதுவும் இல்லை.

நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். "உங்கள் அந்தரங்கத்தை நாங்கள் மதிக்கிறோம்" என்று இரண்டு விநாடியில் பதில் வந்தது. அவ்வளவு வேகமாக யாரும் எதையும் மதிக்க முடியாது.

செப்டம்பர் 22, திங்கள்

'தை 88' வந்தாள். இங்கே அவளைச் செண்பகம் என்று எழுதுகிறேன். அது அவள் பெயர் இல்லை. முப்பத்தொரு வயது. ஊர்ப் பள்ளியில் சத்துணவு சமைக்கிறாள். அறுபது பிள்ளைகளுக்குச் சோறு.

நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

அவளுடைய ஓரகத்தி, அதாவது கொழுந்தன் மனைவி, ஏதோ பாட்டுப் பார்க்க அவள் கைபேசியை வாங்கியிருக்கிறாள். முதலில் வந்தது ராஜாத்தியின் முகம்.

"'ராஜாத்திய உனக்கு எப்படிக்கா தெரியும்?'னு கேட்டா. தெரியாதுன்னேன். 'ரெண்டு பேருக்கும் ஒரே தையல் டீச்சராமே. நீ எப்பக்கா தையல் படிச்ச? உன் ஜாக்கெட்டையே நான்தான தைச்சுத் தரேன்?'ன்னா. எனக்கு வாய் வரல டீச்சர். வேற எதையாச்சும் சொல்லிச் சமாளிச்சிருக்கலாம். நின்னுட்டேன். நின்னதுலயே அவளுக்குப் புரிஞ்சுபோச்சு."

அன்றே அது ஊருக்குள் போய்விட்டது. சத்துணவு அமைப்பாளர் அவளைக் கூப்பிட்டு மிக மரியாதையாகப் பேசினாராம். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது அவள் வர வேண்டாம், கொஞ்ச நாள் லீவு போட்டுக்கொள்ளட்டும் என்றாராம்.

இந்தக் காரணத்துக்காக வேலையை விட்டு நிறுத்தக் கூடாது, சட்டம் இருக்கிறது என்றேன்.

"சட்டம் வந்து என் கையால சாப்பிடுமா டீச்சர்?"

ஒரு வேளைகூட மாத்திரையை விட்டுவிடாதே என்று சொன்னேன். இருபத்தைந்து வருடப் படிப்பும் அனுபவமும் அந்த ஒரு வாக்கியத்தில் போய் நின்றன. அவள் தலையை ஆட்டிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 24, புதன்

வழக்கறிஞர் நஸ்ரினைப் பார்த்தேன். முப்பது வயதுகூட இருக்காது. ராஜாத்தியின் எச்.ஐ.வி. உள்ளோர் சங்கத்துக்கு வழக்கு நடத்தித் தருகிற பெண். இந்த மாதிரி நிறுவனங்கள் நம்மைப் பற்றிய தகவலை எப்படிச் சேகரிக்கலாம் என்பதற்கு அரசின் வரைவு விதிகள் வந்திருக்கின்றன என்றாள். அக்டோபர் ஒன்பதாம் தேதி மதுரையில் கருத்துக் கேட்புக் கூட்டம்.

"வரைவுல ஒரு ஓட்டை இருக்கு மேடம். கைபேசிக்காரர் சம்மதிச்சாப் போதும், அதுல இருக்கிற எல்லா எண்ணையும் எடுத்துக்கலாம்னு இருக்கு. அந்த எண்ணுக்குச் சொந்தக்காரங்களக் கேக்க வேணாமா? அதைத்தான் நாம மாத்தச் சொல்லணும். ஆனா பொதுவாச் சொன்னா எழுதிக்கிட்டு அனுப்பிருவாங்க. பாதிக்கப்பட்ட ஒருத்தர் வந்து பேசணும்."

யார் வருவார்கள்? வந்து பேசினால் அதற்குமேல் ஒளிப்பதற்கு என்ன இருக்கும்? ராஜாத்தி வரத் தயார். ஆனால் அவளிடம் வெளியே சொல்லப்படாத ரகசியம் எதுவும் இல்லை; அவளுக்கு என்ன பாதிப்பு என்று கேட்பார்கள்.

நஸ்ரின் குறிப்பேட்டைத் திறந்து, "நீங்களும் நம்மாளுவில இருக்கீங்களா மேடம்? உங்க தொடர்புப் பட்டியலை எடுத்துக்க அனுமதி குடுத்தீங்களா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

செயலிக்குள் 'அனுமதிகள்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. திறக்கப் போனேன். பிளம்பர் வந்துவிட்டார். மூடிவிட்டேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

மாதத்துக்கு ஒருமுறை வருகிற அதே முப்பத்தொரு பேர் வர வேண்டும். இருபத்திரண்டு பேர் வந்தார்கள்.

ஒன்பது பேர். பெருவெள்ளம் வந்த வருடத்தில்கூட மூன்று பேர்தான் தவறினார்கள். வந்தவர்களும் முக்காட்டை இறக்காமல், ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். முன்பெல்லாம் அந்த வரிசையில் யார் வீட்டு மாடு ஈன்றது என்றெல்லாம் பேச்சு நடக்கும்.

செண்பகம் வரவில்லை. கைபேசி அணைந்திருக்கிறது. டப்பாவில் முப்பது மாத்திரை. வியாழக்கிழமையோடு தீரும். விட்டுவிட்டால் கிருமி திரும்ப எழும். பிறகு இதே மாத்திரை கேட்காமல்கூடப் போகலாம்.

அக்டோபர் 3, வெள்ளி

நிறுவனத்திடமிருந்து மனிதர் எழுதியதுபோல் ஒரு கடிதம் வந்திருக்கிறது. அப்படியே எழுதிவைக்கிறேன்.

"அன்புள்ள பிலோமினா, ஆகஸ்ட் 31 அன்று காலை 11.42க்கு உங்கள் அனுமதியுடன் உங்கள் கைபேசியிலிருந்து 391 தொடர்புகள் பதிவேற்றப்பட்டன. அவற்றின் அடிப்படையில் உங்களுக்குத் தெரிந்தவர்களை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்துவதில் மகிழ்ச்சி அடைகிறோம். உங்கள் பதிவேற்றத்தை நீக்கக் கோரலாம். பிறர் பதிவேற்றியவற்றை நீக்க உங்களுக்கு உரிமை இல்லை."

11.42.

அதற்கு முன்பும் அவர்கள் கைபேசியில் நான் தையல் டீச்சராகத்தான் இருந்தேன். பல வருடமாக. ஒன்றும் நடக்கவில்லை. நான் உள்ளே போய் 214 எண்களையும் கொடுத்த பிறகுதான் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறது.

என் கைபேசியிலிருந்து போகாவிட்டால் பிளம்பர் அந்தப் பட்டியலில் எப்படி வந்திருக்க முடியும்? அன்றே தெரியும். நினைக்காமல் இருந்தேன்.

அக்டோபர் 4, சனி

ராஜாத்தியிடம் சொன்னேன். அவளுடைய சங்க அலுவலகத்தில், மின்விசிறிக்குக் கீழே. அவள் நாடாவால் கோப்புகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

அவள் கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை.

"தெருவுல எங்களப் பாத்தாச் சிரிக்கக்கூட மாட்டீங்களே டீச்சர். அவ்வளவு கவனமா இருந்த ஆளு."

"ஆமா."

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? நான் திட்டிட்டா உங்களுக்கு லேசாயிரும். அதுக்கா? ஊர்ல பேச்சாகிக் கிடக்கிற செண்பகத்துக்கிட்டப் போய்ச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை சந்தைக்கு வருவா."

அக்டோபர் 5, ஞாயிறு

மருத்துவரிடம் நிலைமையைச் சொல்லி அவளுக்கான டப்பாவை நேற்றே வாங்கிவைத்திருந்தேன். பிளவுஸ் துணி வாங்கிய பை ஒன்றில் அதைப் போட்டுக்கொண்டு பேருந்தில் போனேன்.

சந்தையில் அவள் என்னைத் தாண்டி இரண்டு முறை போனாள். நான் கூப்பிடவில்லை. என் விதி அது. மூன்றாவது முறை வந்து, நான் நின்ற வெங்காயக் குவியலுக்கு எதிரே குனிந்து வெங்காயம் பொறுக்க ஆரம்பித்தாள். நானும் குனிந்து பொறுக்கினேன். இருவரும் வெங்காயத்தைப் பார்த்தபடியே பேசினோம்.

"மாத்திரை?"

"மூணு நாளாப் போடல. எதுக்குப் போடணும்னு இருக்கு."

பையை அவள் கூடைக்குப் பக்கத்தில் வைத்தேன். பிறகு சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, சமையலறை, சுலோச்சனா, ஓகே கொடுத்தது. என்ன கேட்டது என்று படிக்கவே இல்லை என்பது. வழக்கறிஞரிடம் பொய் சொன்னது.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பதினோரு வருடத்தில் வெளியிடத்தில் நாங்கள் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டது இதுதான் முதல் முறை.

"நீங்களா டீச்சர்?"

அவ்வளவுதான் கேட்டாள். கடைக்காரர், "பொறுக்கினது போதும், தட்டுல போடுங்கம்மா" என்றார். அவள் வெங்காயத்தைக் கீழே விட்டுவிட்டு எழுந்தாள். பையை எடுத்துக்கொண்டாள். போட்டுவிட்டுப் போய்விடுவாளோ என்று பயந்தேன், எடுத்துக்கொண்டாள்.

"இன்னிக்கிச் சாப்பிட்டுப் போட்டுக்கோ," என்றேன் முதுகைப் பார்த்து. காதில் விழுந்ததா தெரியவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

நஸ்ரினிடம் உண்மையைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "அப்ப நீங்கதான் பேசணும் மேடம்" என்றாள். பெயரைச் சொல்ல வேண்டும். பேசினால் ஆலோசகர் பிலோமினா என்று பத்திரிகையில் வரலாம். என்னோடு பேசிக்கொண்டிருக்கும் எந்தப் பெண்ணையும் பிறகு ஊர் சந்தேகமாகப் பார்க்கும். இந்த வேலையை இந்த ஊரில் என்னால் செய்ய முடியாது.

இட மாறுதல் கேட்டு விண்ணப்பம் எழுதி மருத்துவரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

அக்டோபர் 9, வியாழன்

மதுரை. குளிர்பதன அறை. ஏறக்குறைய அறுபது பேர். பெரும்பாலும் வக்கீல்கள், கல்லூரி மாணவர்கள். எனக்குக் கூட்டங்களில் நம்பிக்கை கிடையாது. எல்லோரும் பேசுவார்கள், தேநீர் வரும், கையெழுத்து வாங்குவார்கள்.

நிறுவனத்தின் சார்பில் நீலச் சட்டை போட்ட இளைஞர் ஒருவர் திரையில் படம் காட்டினார். நல்ல தமிழ். "பயனரின் சம்மதம் இல்லாமல் நாங்கள் ஒரு எண்ணைக்கூட எடுப்பதில்லை. கேள்வி தமிழிலேயே தெளிவாகக் கேட்கப்படுகிறது." திரையில் அந்தக் கேள்வியைக் காட்டினார். அன்று என் முகத்துக்கு நேரே நீட்டப்பட்டது அதுதான். 'உங்கள் நண்பர்களைக் கண்டறிய உதவட்டுமா?' கீழே பெரிதாக, பச்சையாக, 'ஓகே.' இப்போதுதான் முதன்முறையாகப் படித்தேன்.

என் முறை வந்தது. எழுதி வைத்திருந்த தாளை எடுக்கவில்லை.

"அந்தப் பயனர் நான். என்னைக் கேட்டீர்கள், உண்மை. நான் படிக்காமல் அழுத்தினேன், அதுவும் உண்மை. அதற்கு நான் பொறுப்பு. ஆனால் அன்று நான் கொடுத்தவை என்னுடையவை அல்ல. இருநூற்றுப் பதினான்கு பெண்கள் என்னை நம்பிக் கொடுத்த எண்கள். அவர்களில் ஒருவரிடமாவது கேட்டீர்களா? என் சம்மதத்தை வைத்துக்கொண்டு இன்னொருத்தியின் முகத்தை அவள் எதிரியின் கையில் கொடுக்கலாம் என்று எந்த விதி சொல்கிறது? அப்படி ஒரு விதி எழுதப் போகிறீர்கள் என்றால், இப்போதே சொல்லிவிடுங்கள்."

கூட்டத்தை நடத்திய அதிகாரி பேனாவை வைத்தார். "அந்தப் பெண்கள் எதற்காக உங்களிடம் எண் கொடுத்தார்கள்?"

"அதைச் சொல்ல மாட்டேன்."

"பாதிப்பு என்னவென்று தெரியாமல் எப்படிப் பதிவு செய்வது?"

"சொன்னால் அவர்களை நான் இரண்டாவது முறை கொடுத்ததாகிவிடும்."

நீலச் சட்டைக்காரர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டார். பிறகு நஸ்ரின் அவர் எழுதிய தாளை வாங்கிப் பார்த்தாள்: 'தொடர்புப் பட்டியலில் உள்ள மூன்றாம் நபரின் சம்மதம் கட்டாயமாக்கப்பட வேண்டும் என்ற கருத்து பெறப்பட்டது. பாதிக்கப்பட்டவர்: இருநூற்றுப் பதினான்கு பேர், பெயர் தெரிவிக்க மறுப்பு.' விதி மாறுமா என்று கேட்டேன். "தெரியாது மேடம். ஆனா எண்ணிக்கையை எழுதிட்டாரு" என்றாள்.

வாசலில் ஒரு நிருபர் கேமராவைத் தூக்கினார். ராஜாத்தி குறுக்கே வந்து நின்றுகொண்டாள். "என்னை எடுங்க தம்பி. இந்தக் கூட்டத்துல நான்தான் அழகு."

திரும்பி வரும் பேருந்தில் தூங்கிவிட்டாள். என் தோளில் சாய்ந்து. முதல் முறை.

அக்டோபர் 14, செவ்வாய்

செண்பகம் வந்தாள். மாத்திரை நாள் கூட்டம் போன பிறகு, மூன்று மணிக்கு. ஒன்பதில் ஆறு பேர் இந்த வாரத்துக்குள் வந்துவிட்டார்கள், அவள் ஏழாவது.

ஊரை விட்டுப் போகிறாள். வேறு மாவட்டத்தில் அவளுடைய சித்தி மகள் இருக்கிறாள். மருந்தை அங்கே மாற்றித் தரக் கேட்டாள். எந்த மையம் என்று படிவத்தில் அவளே எழுதி, மடித்து, மருத்துவரிடம் நேராகக் கொடுத்தாள். என்னிடம் காட்டவில்லை. சரிதான்.

பிறகு கைபேசியை என்னிடம் நீட்டினாள். "உங்க நம்பரை அழிச்சிருங்க டீச்சர். எனக்கு அதெல்லாம் தெரியாது."

அழித்தேன். அவள் பார்க்கும்படி என் கைபேசியில் 'தை 88'ஐயும் அழித்தேன்.

"மாத்திரை போடுறியா?"

"சந்தையில குடுத்தீங்கள்ல. அன்னிக்கே போட்டுட்டேன்." வாசல்வரை போய்த் திரும்பினாள். "கோவம் போகல டீச்சர். ஆனா போட்டுட்டுத்தான் இருக்கேன்."

நவம்பர் 4, செவ்வாய்

இட மாறுதல் உத்தரவு இன்னும் வரவில்லை. அரிசியில் வண்டு. வெயிலில் காயவைத்தேன்.

கணக்குப்படி சந்தையில் கொடுத்த டப்பா நேற்றோடு தீர்ந்திருக்க வேண்டும். கேட்பதற்கு என்னிடம் எண் இல்லை. புதிய மையத்தின் பெயரும் தெரியாது. மருத்துவரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். கேட்கவில்லை.

மாலை நாலரைக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. பின்னால் பேருந்துச் சத்தம், யாரோ டீ ஆற்றும் சத்தம்.

"டீச்சருங்களா? இது கடைக்காரர் போனு. வாங்கிட்டேன்."

"சரிம்மா."

"வச்சிரட்டா?"

வைத்துவிட்டாள். அழித்த எண்ணை மனப்பாடமாக வைத்திருந்திருக்கிறாள். திரையில் அந்த எண்ணைச் சேமிக்கவா என்று கைபேசி கேட்டது. கேள்வியை இரண்டு முறை படித்தேன். வேண்டாம் என்றேன். எண் மனதில் பதிவதற்கு முன்பே அழைப்புப் பட்டியலிலிருந்தும் அதை நீக்கினேன்.

நீக்கிய பிறகுதான் உறைத்தது. அடுத்த மாதமும் அவளுக்கே கூப்பிடத் தோன்றினால்தான் எனக்குத் தெரியும்.